ஆறாவது டப்பாவுக்குச் சைவக் கஞ்சி

மாப்ளே, எங்கள் வீட்டில் ஒரு நாலு வயசுப் பிள்ளை மீன் நாற்றம் அடிக்கிறாள். மீன் தின்று வந்த நாற்றம் இல்லை. மீனைக் கண்டால் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். பேகம்பூரில் தலைமுறையாகக் கறி விற்ற குடும்பம் எங்களுடையது. கறி வாடை அடித்தாலாவது வம்சம் என்று ஒத்துக்கொள்ளலாம். இவள் மடியில் ஏறி உட்கார்ந்தால் வெயிலில் காயப்போட்ட நெத்திலிக் கருவாடு பக்கத்தில் இருப்பது போல இருக்கிறது. என் பேத்தியின் மகள், பெயர் நூரு. "ஏலே கருவாடு, இங்க வா" என்று நான் கூப்பிடுவேன். "போ நன்னா, நீதான் உப்புக்கண்டம்" என்பாள். எனக்குப் பதில் சொல்ல நீ போன பிறகு ஆள் இல்லாமல் இருந்தது. இப்போது வந்துவிட்டாள்.

நாற்றத்துக்குக் காரணம் அவளுக்கு மூன்று வேளையும் ஊற்றுகிற ஒரு மருந்து. பாட்டில் அலமாரியில் நிற்கும். ஒரு நாள் வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பொழுது போகாமல் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். உன் சிலேட்டைப் பார்த்து எழுதியேதான் நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டினேன். அதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நான் அதை விட்டேன். பாட்டிலில் முதலில் தனியாக ஒரு எல். பக்கத்தில் சின்னக் கோடு. அப்புறம் கா, ர், னி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முடித்ததும், பாட்டிலைத் திருப்பிப் பிடித்து முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். கார்னிட்டின் என்ற அந்தச் சொல்லை என் முன்னால் சொன்ன ஒரே ஆள் நீதான். தோல் அடுக்கிவைக்கிற எங்கள் கிட்டங்கி மாடியில், தலையில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு புழுவை இடுக்கியில் பிடித்தபடி சொன்னாய்.

அதனால்தான் இந்த மடல். நீ போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. எழுதினால் எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று பேத்தி கேட்கிறாள். அனுப்பாத கடிதம் ஒன்று நமக்குப் புதிதில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

அறுபதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மெட்ராஸில் ஒரு ஆராய்ச்சிச் சாலையில் படித்துக்கொண்டிருந்த நீ, தை மாசம் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு திண்டுக்கல் ஸ்டேஷனில் வந்து இறங்கினாய். உன் அப்பாவுக்கு ஒரு பக்கம் வாதம் இழுத்துவிட்டது. நீ ஒரே பிள்ளை. மெட்ராஸில் உன் பெரிய வாத்தியார் இரக்கப்பட்டு, ஊரில் வைத்தே உன் படிப்புக்கான புழுச் சோதனையைச் செய்து ஆடி பிறப்பதற்குள் முடிவோடு வரச் சொல்லியிருந்தார். வந்தால் இடம் உனக்கு, வராவிட்டால் வரிசையில் நிற்கிற இன்னொருவனுக்கு. இடம் போனால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. உன் தாய்மாமன் ஜவுளிக்கடையில் கஜக்கோலோடு உனக்காகக் காத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் வீட்டுக்கு வந்து, "படிச்சது போதும், துணி கிழிக்க வா" என்று ஆசையாகக் கூப்பிடுவார். கெட்ட மனிதர் இல்லை. துணியைத் தவிர உலகத்தில் வேறொன்று இருப்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நீங்களோ வெங்காயத்தைக்கூடக் கிருத்திகை பார்த்துச் சாப்பிடுகிற சைவக் குடும்பம். அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒரு நாள் காலையில் எங்கள் கறிக்கடை முன்னால் வந்து நின்றாய். தொங்குகிற ஆட்டைப் பார்க்க முடியாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தொடைக்கறி அரை ராத்தல் வேண்டும், கொழுப்பு இல்லாமல் வேண்டும் என்று சுவரிடம் கேட்டாய். நான் விடுவேனா. தெருவுக்கே கேட்கிற மாதிரி, "என்ன மாப்ளே, வீட்ல கிருத்திகை விரதமா?" என்றேன்.

"புழுவுக்கு" என்றாய்.

கடையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் தராசே ஆடியது. நீ சிரிக்கவில்லை. நீ சிரிக்காதபோது விஷயம் பெரியது என்பது சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும். தராசை அத்தாவிடம் கொடுத்துவிட்டு உன்னோடு வந்தேன்.

உங்கள் வீட்டில் கறிச்சாறு காய்ச்ச முடியாது என்பதால் எங்கள் கிட்டங்கி மாடியில் உப்பு மூட்டை அடுக்குகிற அறையை அத்தா உனக்கு விட்டுக்கொடுத்தார். கீழே பச்சைத் தோல் உப்பில் கிடக்கும். மேலே நீ கிடந்தாய். மூக்கில் கற்பூரம் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினாய். அப்புறம் பழகிவிட்டது. சாயங்காலம் எங்கள் கிணற்றில் நாலு வாளி ஊற்றிக் குளித்துவிட்டு வீட்டுக்குப் போவாய். உன் அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் கொல்லை வாசலில் மாற்று வேட்டியோடு நிற்பார்களாம். அந்த அம்மாவைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம்.

ட்ரங்குப் பெட்டிக்குள் தவிடு, தவிட்டுக்குள் மஞ்சள் புழுக்கள். கடல் தாண்டி வந்த சாதி என்றாய். இதை விடப் பருத்த புழு எங்கள் வீட்டு மாவுப் பானையில் கை நிறைய அள்ளித் தருகிறேன் என்றேன். அதுகளுக்கு இந்தப் பசி கிடையாது, இந்தச் சாதிக்குத்தான் உண்டு என்றாய். என்ன பசி என்று கேட்டேன். நீ சொன்ன விளக்கம் ஒரு எழுத்து பிசகாமல் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

"ஒடம்பு ஒரு அடுப்புன்னு வச்சுக்க மாப்ளே. கொழுப்புதான் வெறகு. வெறகு முத்தத்துல மலை மாதிரி குமிஞ்சு கெடக்கு. அதை அடுப்படிக்குள்ள தூக்கிட்டுப் போக ஒரு ஆள் வேணும்ல. அந்த ஆளுதான் இதுன்னு எனக்குப் படுது. இன்னும் யாரும் முழுசா சொல்லல."

ஆட்டுக்கறியில் அந்த ஆள் ஏராளம், லத்தீனில் கறிக்குள்ள சொல்லிலிருந்துதான் பேரே வந்தது என்றாய். அந்தச் சத்து இல்லாத புழு கொழுத்த உடம்போடு பட்டினியில் சாகும் என்றாய். அது எப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை. விறகு இருந்தும் அடுப்பு அணைகிற வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை.

பேருக்கு முன்னால் எதற்கு ஒரு எல் என்று கேட்டதற்கு என் காலில் கிடந்த செருப்பைக் கழற்றச் சொன்னாய். இடது கால் செருப்பை வலது காலில் மாட்டச் சொன்னாய். இரண்டும் ஒரே தோல், ஒரே அளவு, ஒரே தையல். ஆனாலும் மாற்றி மாட்டினால் நடக்க முடியவில்லை. இந்தச் சத்திலும் அப்படி இரண்டு வாட்டம் உண்டு, உடம்புக்குச் சேர்வது ஒன்றுதான், அதற்குத்தான் அந்த எழுத்து என்றாய். அதோடு அன்றைய பாடம் முடிந்தது. நான் அந்தச் செருப்போடு மாற்றி நடந்து உன்னைச் சிரிக்க வைத்ததும் முடிந்தது.

ஆறு பால்பவுடர் டப்பா வாங்கி மூடியில் ஓட்டை போட்டோம். டப்பாவுக்குப் பத்துப் புழு. எல்லாவற்றுக்கும் ஒரே தீனி. மாவுச்சத்து, பாலிலிருந்து எடுத்த வெள்ளைப் பொடி, சீனி, இன்னும் நீ மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த சின்னச் சின்னப் புட்டிகள். ஒன்று, இரண்டு, மூன்றுக்கு மட்டும் கறிச்சாறு ஒரு சொட்டு. நாலு, அஞ்சு, ஆறுக்குக் கிடையாது. நான் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பெயர் வைத்தேன். ஒன்று என் அத்தா. இரண்டு நம் மூக்குப்பொடி வாத்தியார். அப்படியே போய் ஆறாவது டப்பாவுக்கு உன் ஜவுளிக்கடை மாமா பெயர். அவர் ஞாயிற்றுக்கிழமை வரும்போதெல்லாம், "மாமா சொகமா இருக்காரு, செத்த நேரம் முந்தித்தான் தோல் உரிச்சாரு" என்று நான் உன் காதில் சொல்வேன். நீ உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் காலில் விழுந்து கும்பிடுவாய்.

சிலேட்டில் இரண்டு வரிசை போடச் சொல்லிக் கொடுத்தாய். உயிர் என்று ஒன்று, நடமாட்டம் என்று ஒன்று. உயிருக்கு நேரே எண். நடமாட்டத்துக்கு நேரே ஓடுது, ஊருது, கெடக்குது என்ற மூன்றில் ஒன்று. நான்காவதாக ஒரு சொல்லை நான் சேர்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாய். என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

மாசி முடியும்போது உன் அப்பாவுக்கு மறுபடி இழுத்தது. மதுரைக்குக் கொண்டுபோனீர்கள். புறப்படும்போது சிலேட்டை என் கையில் கொடுத்து, தீனி ஏற்கனவே வைத்தாகிவிட்டது, எதுவும் போடாதே, தினமும் எண்ணு, எழுது, அம்புட்டுத்தான் என்றாய். நான் தலையை ஆட்டினேன். நீ போன மூன்றாம் நாள் எங்களுக்குத் தலைநோன்பு.

என் அம்மாவின் நோன்புக் கஞ்சி உனக்குத் தெரியும். பள்ளிவாசல் கஞ்சி ஒரு பக்கம் வந்தாலும் அவள் வீட்டிலும் ஒரு பெரிய சட்டி காய்ச்சுவாள். எங்கள் தெருவில் பாங்கு சொல்கிற நேரத்தில் எந்த வாசலிலும் யாரும் வெறும் வயிற்றோடு நிற்கக் கூடாது என்பது அவள் சட்டம். இந்து, முஸ்லிம், வழிப்போக்கன், தோல் வண்டிக்காரன், எல்லாருக்கும் தூக்குச்சட்டி போகும். உனக்கென்று பள்ளிக்கூட நாளிலிருந்தே தனிச் சட்டி, தனிக் கரண்டி. அதே அரிசி, அதே பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய். கறி மட்டும் கிடையாது. நீ மதுரையில் இருக்கிறாய் என்று சொல்லியும் கேட்கவில்லை. எந்த நேரத்திலும் வந்து நிற்பான் என்று தினமும் அந்தச் சின்னச் சட்டியையும் காய்ச்சினாள்.

முதல் நாள் நோன்பு திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் எண்ணுவதற்கு மாடிக்குப் போனேன். முதல் மூன்று டப்பாவிலும் ஓட்டமும் சாட்டமும். நாலு, அஞ்சு, ஆறில் புழுக்கள் ஓரமாகக் கிடந்தன. எனக்கு வயிறு ஒட்டிப்போயிருந்தது. கீழே கஞ்சி மணம். இன்னும் செத்த நேரத்தில் எனக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள், என் நோன்பு முடிந்துவிடும், இதுகளுக்கு எந்தப் பள்ளியில் யார் பாங்கு சொல்வது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை. கீழே இறங்கிப் போய் இரண்டு சட்டியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து வந்தேன். ஈர்க்குச்சி நுனியில் தொட்டு நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் ஒரு சொட்டு வைத்தேன். பாங்கு சொன்னார்கள். புழுவும் நானும் சேர்ந்து நோன்பு திறந்தோம். நீ மதுரையில் இருந்த பதினைந்து நாளும் அப்படியே நடந்தது.

நீ திரும்பி வந்தபோது அப்பாவுக்குப் பேச்சு கொஞ்சம் தெளிந்திருந்தது. நிம்மதியான முகத்தோடு மாடிக்கு வந்து சிலேட்டைப் பார்த்தாய். நாலாவதில் பத்தும் உயிர், ஓடுது. அஞ்சாவதில் ஒன்பது, ஓடுது. ஆறாவதில் இரண்டே இரண்டு, கெடக்குது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்து மூடிகளைத் திறந்தாய். அப்புறம் உப்பு மூட்டையில் உட்கார்ந்தவன்தான். உன் தீனியில் எங்கேயோ அந்தச் சத்து ஒட்டியிருக்கிறது என்றாய். அப்படியானால் ஆறாவது ஏன் சாகிறது என்று நீயே கேட்டுக்கொண்டாய். தீனியும் நம்பிக்கையில்லை, கையும் நம்பிக்கையில்லை என்றாய். மறுநாளும் அதே மூட்டை, அதே உட்கார்வு.

நான் வாயைத் திறக்கவில்லை மாப்ளே. பேகம்பூர் முழுக்க வம்பு விற்றவன், இரண்டு நாள் பேசவில்லை. உன் படிப்பில் கை வைத்துவிட்டேன் என்பது மெல்ல மெல்லத்தான் உறைத்தது. உறைத்த பிறகு சொல்லத் தைரியம் இல்லை. சொன்னால் நீ எங்கள் மாடிப்படியில் இனி ஏறமாட்டாய் என்று பயந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு கவரை நீட்டினாய். மணிக்கூண்டுப் பக்கம் போகிறாய் அல்லவா, தபாலில் சேர்த்துவிடு என்றாய். யாருக்கு என்று கேட்டேன். வாத்தியாருக்கு, இடத்தை அடுத்தவனுக்குக் கொடுத்துவிடச் சொல்லி எழுதிவிட்டேன், திங்கட்கிழமையிலிருந்து மாமா கடைக்குப் போகிறேன் என்றாய். குரலில் ஒன்றுமே இல்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மணிக்கூண்டு வரை போனேன். தபால் பெட்டியின் வாயில் கவரைப் பாதி நுழைத்தும்விட்டேன். விரல் விட மறுத்தது. திரும்பி நடந்து வந்து, மாடி ஏறி, கவரை உன் முன்னால் வைத்தேன்.

"மாப்ளே, அதுகளுக்கு நான் கஞ்சி ஊத்துனேன்."

நீ நிமிரவில்லை. "எந்தக் கஞ்சி?"

"நோன்புக் கஞ்சி. ஈர்க்குச்சி நுனி அளவுதான்."

"கறி போட்டதா?"

"நாலுக்கும் அஞ்சுக்கும் கறி போட்டது."

இப்போது நிமிர்ந்தாய். "ஆறுக்கு?"

"அது ஒங்க மாமா டப்பா. கறி குடுத்தாப் பாவமில்லையா. ஒனக்குன்னு அம்மா காய்ச்சுன சைவக் கஞ்சியத்தான் ஊத்துனேன்."

சிலேட்டைத் தூக்கி என் தலையில் ஒன்று போட்டாய். நல்ல அடி, இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்த இடம் நினைவுபடுத்தும். அப்புறம் உப்பு மூட்டைகளுக்கு நடுவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாய். சிரிப்பு நின்றதும் என்னை உட்காரவைத்து மூன்று முறை முதலிலிருந்து சொல்லவைத்தாய். எந்த அரிசி, எந்தப் பருப்பு, எத்தனை சொட்டு, எந்த நேரம். எல்லாம் ஒன்று, கறி மட்டும் வேறு. கறி விழுந்த டப்பா பிழைத்தது, விழாத டப்பா செத்தது. உன் மாமாவுக்கு நான் காட்டிய மரியாதை உன் சோதனைக்கு ஒத்துப்பார்க்கிற நிறைகோல் போல அமைந்துவிட்டது என்றாய்.

"இது சோதனையில சேராது" என்றும் சொன்னாய். "ஆனா புழு பொய் சொல்லல மாப்ளே. மறுபடி செய்வோம்."

கவரைக் கிழித்தோம். மறுபடி தொடங்கினோம். இந்தத் தடவை எட்டு டப்பா. நாலுக்குக் கறிச்சாறு, நாலுக்குக் கருக்கிய சீனித் தண்ணீர், பார்க்க இரண்டும் ஒரே நிறம். எதில் எது என்று உனக்குத் தெரியக் கூடாது, ஊற்றுகிற எனக்கு மட்டும் தெரியவேண்டும். இது என்ன கூத்து, எண்ணப்போகிறவன் நீயாயிற்றே என்று கேட்டேன்.

"எனக்கு ஆசை இருக்கு மாப்ளே. ஆசை இருக்குறவன் செத்த புழுவையும் அசையுதும்பான்" என்றாய்.

ஊரிலேயே வாய் நிற்காத ஒருவனைத் தேடி ரகசியத்தைக் கொடுத்த ஆள் நீ ஒருவன்தான். கிழித்த கவரின் ஒரு துண்டில் எந்த டப்பாவுக்கு எது என்று நான் எழுதி, என் தொப்பியின் உள்மடிப்பில் வைத்துத் தைத்துக்கொண்டேன். தொழுகைக்குப் போனாலும் கறி வெட்டினாலும் உன் படிப்பு என் தலைமேல் இருந்தது.

சித்திரை வெயில் தொடங்கியது. புழு அந்தச் சூட்டைத் தாங்காது என்று கோணிச்சாக்கை நனைத்து நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டோம். நீ ஒரு வாளி, நான் ஒரு வாளி. நாலாவது வாரம் இரண்டாம் டப்பாவில் சாவு விழத் தொடங்கியது. அது கறிச்சாறு டப்பா என்று நீயாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாய். எப்படி வந்தாய் என்று இன்றுவரை தெரியவில்லை. கறி விழுந்தும் சாகிறது என்றால் எல்லாம் போச்சு என்று சாப்பாடு குறைந்தது, கன்னம் ஒட்டியது. மாமா அளவெடுத்துச் சட்டை தைத்துக் கொடுத்தார், கடைக்கு வரும்போது போட்டுக்கொள்ள. அதை மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஒரு மத்தியானம் கேட்டாய், சொல்லவேண்டாம், தலையை மட்டும் ஆட்டு, ரெண்டாவது கறியா இல்லையா என்று. நான் ஆட்டியிருந்தால் உன் முகம் அந்த நிமிஷமே தெளிந்திருக்கும். ஏனென்றால் இரண்டாவதில் இருந்தது வெறும் சீனித் தண்ணீர். சாவது சரியான டப்பாதான். என் கழுத்து என்னைக் கேட்காமலே ஆடப் பார்த்தது. கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பல்வலி என்றேன். நீ ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. சாக்கு நனைக்க மட்டும் வந்தாய், தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாய். ஒரு தடவை கஞ்சி ஊற்றிக் கெடுத்தவன், இன்னொரு தடவை இரக்கத்தால் கெடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உண்மையிலேயே பல் வலித்தது.

ஆனி முடிய நாலு நாள் இருந்தபோது, காலை பத்து மணிக்கு, நான் தொப்பியைக் கழற்றித் தையலைப் பிரித்தேன். நீ சிலேட்டைப் படித்தாய், நான் துண்டைப் படித்தேன். ஒன்று, ஓடுது. கறி. இரண்டு, உயிர் இல்லை. சீனித் தண்ணி. மூன்று, உயிர் இல்லை. சீனித் தண்ணி. இப்படியே எட்டு வரைக்கும் போனோம். ஏழாவதில் எறும்பு தின்ற மூன்றைத் தவிர எல்லாம் பொருந்தியது. அந்த எறும்பையும் எழுதிக்கொண்டாய். நீ கத்துவாய், கட்டிப்பிடிப்பாய் என்று எதிர்பார்த்தேன். என் தொப்பியை வாங்கி உன் தலையில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். அன்று சாயங்காலமே மாமாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு மெட்ராஸ் வண்டி ஏறினாய். சட்டை உனக்கு நன்றாகத்தான் இருந்தது.

இடம் உனக்கே நின்றது. மறு வருஷம் நீ அனுப்பிய ஆராய்ச்சி அச்சுத் தாளின் கடைசியில் என் பெயர் இருந்தது. தபால் ஆபீஸ் கிளார்க்கிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். உதவிக்காகவும், வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகவும் நன்றி என்று போட்டிருந்தாய். கிளார்க்குக்கு என்னைத் தெரியும் என்பதால், இது வேறு யாரோ என்றார்.

அப்புறம் நீ வடக்கே போனாய். எலி ஈரல், ஆட்டு இதயம், கொழுப்பு எரிகிற கணக்கு என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஏதோ எழுதுவாய். விறகு தூக்குகிற ஆள் விஷயம் ஊர்ஜிதமாகிவிட்டது, வேறு தேசத்தில் நிறைய பேர் சேர்ந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு வருஷம் எழுதினாய். உனக்கு முந்திவிட்டார்களே என்று எனக்கு வருத்தம். உனக்கு அந்த வருத்தம் எழுத்தில் தெரியவில்லை. ஒவ்வொரு நோன்புக்கும் தவறாமல் ஒரு கார்டு வரும். ஒரே கேள்விதான் இருக்கும், இந்த வருஷம் யாருக்குக் கஞ்சி ஊற்றினாய் என்று.

இப்போது நூருவுக்கு வருகிறேன். ஒன்றரை வயசில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாள். சாதாரணக் காய்ச்சல். ஆனால் பிள்ளை துணி போலத் துவண்டுவிட்டாள். மதுரையில் சேர்த்தோம். இதயம் பருத்திருக்கிறது என்றார்கள். ரத்தம் எடுத்து எங்கெங்கோ அனுப்பி, ஒரு மாசம் கழித்து இந்த மருந்தை எழுதினார்கள். பாட்டிலை எழுத்துக் கூட்டிப் படித்த பிறகு, அடுத்த தடவை நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, பொறுமையானவள். இவள் உடம்பில் இந்தச் சத்து தங்குவதில்லை தாத்தா, ஓட்டைப் பானை மாதிரி ஒழுகிப் போய்விடுகிறது, அதனால் கொழுப்பை எரிக்க முடிவதில்லை என்று சொன்னாள்.

"வெறகு இருக்கும், தூக்கிட்டுப் போக ஆள் இருக்காது" என்றேன் நான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். இது எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். புழுவிடம் என்றேன். பேத்தி என் தொடையில் கிள்ளினாள். நான் கிட்டங்கியிலிருந்து தொப்பி வரைக்கும் முழுசும் சொன்னேன். வெளியே கூட்டம் காத்திருந்தது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இதை அளந்து பார்க்கப் புழுதான் தராசு என்று நானும் பாடத்தில் படித்திருக்கிறேன், அந்தத் தராசைப் பிடித்தவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள். உனக்கு வரவேண்டிய மரியாதையை நான் வாங்கிக்கொண்டேன் மாப்ளே. கோபித்துக்கொள்ளாதே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நூரு என் மடியில் தூங்கினாள். அப்போதுதான் நம் பழைய பேச்சு ஒன்று முழுசாக நினைவுக்கு வந்தது. முதல் நாள், நீ அடுப்பும் விறகும் சொல்லி முடித்தபோது நான் கேட்டேன், நமக்கும் கறி தின்னாவிட்டால் இப்படி ஆகுமா, உங்க சைவக் கூட்டமெல்லாம் எப்படி உயிரோடு இருக்கிறீர்கள் என்று. கேலிக்குத்தான் கேட்டேன். மனுசன் உடம்பு இதைத் தானே செய்துகொள்ளும் என்றாய். எல்லா மனுசனுமா, ஒருத்தன்கூடத் தப்பாமலா என்று விடாமல் நோண்டினேன். நீ இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாய்.

"தப்புன பிள்ள எங்கயாவது ஒண்ணு பொறக்கலாம்தான். யாருக்கும் தெரியாம சாகும். ஆனா தெரிஞ்சிருச்சுன்னா, ஒரு சொட்டு போதும் மாப்ளே. வேற வைத்தியமே வேணாம்."

பிள்ளை பிறந்துவிட்டது. எங்கேயோ இல்லை, நீ புழு வளர்த்த மாடியைத்தான் நாங்கள் இடித்து வீடாகக் கட்டியிருக்கிறோம். அங்கேயே பிறந்திருக்கிறாள். தெரிந்தும்விட்டது. சொட்டு கொஞ்சம் கூடத் தேவைப்படுகிறது, அதில் மட்டும் உன் கணக்கு பிசகு. இதயம் பழைய அளவுக்கு வந்துகொண்டிருக்கிறது என்று போன மாசம் சொன்னார்கள். மீன் நாற்றம் போகாது என்றும் சொன்னார்கள். போகவேண்டாம் என்று நான் சொன்னேன். அந்த வாடை அடிக்கிற வரைக்கும் மருந்து உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

இது நோன்பு மாசம். வீட்டில் எல்லோரும் நோன்பு வைப்பதைப் பார்த்து நானும் வைப்பேன் என்று நூரு அழுதாள். இந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்கவே கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. எனக்கும் மாத்திரை வந்த பிறகு நோன்பு இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆகவே நாங்கள் இருவரும் ஒரு கட்சி. மற்றவர்கள் பட்டினி கிடக்கும்போது நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்து தின்போம். சாயங்காலம் பாங்கு சொன்னதும் எல்லோரோடும் சேர்ந்து கஞ்சியும் குடிப்போம். என் அம்மா போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இன்னும் இந்த வீட்டில் கறி போடாத சின்னச் சட்டி ஒன்று தனியாக வேகிறது. ஏன் என்று புது மருமகள்கள் கேட்பார்கள். அது வழக்கம் என்று மட்டும் சொல்வேன்.

கஞ்சிக்கு முன்னால் நூருவுக்கு மருந்து ஊற்றுவது என் வேலை. வேறு யாரிடமும் கொடுக்கமாட்டேன். அளவுக் குழாயில் கோடு வரைக்கும் எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, வாயில் விடுவேன். அவள் முகத்தைச் சுளித்துவிட்டு, அந்தக் கஞ்சி குடித்த புழுவுக்கு என்ன பேர் நன்னா என்று தினமும் கேட்பாள். தினமும் ஒரு பேர் சொல்வேன். நேற்று உன் பேரைச் சொன்னேன்.

பிறகு சுவரில் தொங்குகிற நாள்காட்டியில் அன்றைய கட்டத்தில் பென்சிலால் எழுதுவேன். நீ சொல்லிக் கொடுத்த இரண்டு வரிசைதான், ஒரு சொல்கூட நான் சேர்ப்பதில்லை. பேத்தி இதைப் பார்த்துவிட்டு என்ன நன்னா கிறுக்கல் என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு நான் பெயர் வாங்கியவன் அல்லவா.

இன்றைக்கும் எழுதியாகிவிட்டது மாப்ளே. நீ எண்ணிப் பார்க்க வசதியாக இங்கேயும் எழுதுகிறேன்.

உயிர்: ஒன்று. நடமாட்டம்: ஓடுது.